வாசகத்தை முடித்துவிட்டு வாருங்கள்: மணமக்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு திறந்த மடல்

கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு அழைப்பிதழ் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கும் மணமக்களுக்கும், அவர்களுக்குப் பின்னால் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும் அம்மா, அப்பா, அக்கா, அண்ணன், சித்தப்பா, மாமா, தோழர், தோழியர் எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழ் வடிவமைப்பது என் பிழைப்பு. அழைப்பிதழ் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். தேதியை முன்கூட்டியே தெரிவிக்கும் அட்டை, உறை, வருகிறீர்களா என்று கேட்கும் பதில் அட்டை, வாசலில் நிற்கும் வரவேற்புப் பலகை, மேசை மேல் வைக்கும் பெயர் அட்டை, எல்லாம் முடிந்த பிறகு போகும் நன்றி அட்டை என்று ஒரு கல்யாணத்தில் எழுத்து எங்கெல்லாம் தாளில் ஏறுகிறதோ அங்கெல்லாம் எங்களுக்கு வேலை உண்டு. இத்தனைக்கும் சேர்த்து உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நிறம், தாள், பூ, பொன்னெழுத்து பற்றியெல்லாம் பேசுவதற்கு முன்னால் வாசகத்தை முடித்துக் கொடுங்கள். ‘இதுதான் கடைசி’ என்று சொல்லும் உரிமையை உங்களில் ஒருவருக்குக் கொடுங்கள்.

“பேர், தேதி, இடம், அவ்வளவுதானே? அதை அப்புறம் போட்டுக்கலாம், முதல்ல டிசைனைக் காட்டுங்க.” இதுதான் எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். சட்டையைத் தைத்து முடியுங்கள், போட்டுக்கொள்பவர் யார் என்று பிறகு சொல்கிறோம் என்று தையற்காரரிடம் யாரும் சொல்வதில்லை. எங்களிடம் மட்டும் சொல்கிறீர்கள். ஏன் அது நடக்காத காரியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் சேர்த்து வைத்த படங்களைக் காட்டி “இந்த மாதிரி வேணும்” என்கிறீர்கள். படம் காட்டுவதில் தப்பே இல்லை. உங்கள் ரசனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் படம் அழகாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதில் இருக்கும் இரண்டு பெயர்கள். ஏறக்குறைய ஒரே நீளம், அடங்கி நிற்கும் எழுத்துகள், சுற்றிலும் தாராளமான வெள்ளை. உங்கள் வீட்டில் ஒருவர் பெயர் இரண்டெழுத்து, இன்னொருவர் பெயர் எட்டெழுத்து என்றால் அதே அமைப்பில் வைத்ததும் அட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சின்னப் பெயரைப் பெரிதாக்கிச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்து பார்த்தால், பெரிதாகத் தெரியும் பெயருக்கு உரியவர்தான் முக்கியம், மற்றவர் கூட வருகிறவர் என்று பார்ப்பவர் கண் எடுத்துக்கொள்ளும். அதனால் அளவில் கை வைக்காமல் வழி தேட வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து இடப்பக்கம் சேர்ப்பதா, சின்னப் பெயரின் எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் மூச்சு விடுவதா, இரண்டு பெயரையும் இணைக்கும் சொல்லையோ கொடியையோ சின்னப் பெயரின் வரியில் ஏற்றி நீளத்தை ஈடுகட்டுவதா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பேன். எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். பூவும் கொடியும் வரைவதைவிட இரண்டு பெயரை ஒரு தாளில் சண்டையில்லாமல் உட்கார வைப்பது கடினம்.

தமிழில் இது இன்னும் நுணுக்கம். ‘கீ’, ‘ணி’ போன்றவை மேலே சுழித்து ஏறும். ‘பு’, ‘சு’, ‘ழு’ கீழே இறங்கும். முதல் வரிப் பெயரில் இறங்கும் எழுத்துக்கு நேர் கீழே இரண்டாம் வரிப் பெயரில் ஏறும் எழுத்து வந்து நின்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. பெயரில் ‘ண’ இருந்து, அது பொன் ஃபாயிலில், அதாவது சூட்டில் தாளோடு ஒட்டும் மினுக்குப் படலத்தில், போகிறது என்றால் இன்னொரு கவலை. ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் குட்டி வெள்ளையை ஃபாயில் அடைத்துவிடும், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மினுக்கும் ஒரு கட்டி மட்டும் இருக்கும். அதைத் தவிர்க்க எழுத்தின் தடிப்பைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அளவைக் கூட்ட வேண்டும். அளவைக் கூட்டினால் வரி உடையும். வரி உடைந்தால் கீழே இருக்கும் பூவை நகர்த்த வேண்டும். பூ நகர்ந்தால் இடம், நேரம் எல்லாம் நகரும். ‘பேரை அப்புறம் போட்டுக்கலாம்’ என்று சொல்லும்போது இவை அத்தனையையும் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்கிறீர்கள்.

பெயரையாவது கேட்ட அன்றே சொல்லிவிடுவீர்கள். நாள்கணக்கில் இழுப்பது ‘யார் அழைக்கிறார்கள்’ என்ற வரி.

மணமக்களே அழைப்பதா, பெற்றோர் அழைப்பதா, இரு வீட்டாரும் சேர்ந்து அழைப்பதா? பிரிந்து வாழும் அம்மா அப்பாவை ஒரே வரியில் போடலாமா? அப்பாவின் இரண்டாவது மனைவி பெயர் வருமா, வந்தால் எந்த இடத்தில்? வளர்த்தது பாட்டி என்றால் அவர் பெயர் எங்கே? இவை வடிவமைப்பாளர் தீர்க்க வேண்டிய கேள்விகள் இல்லை. ஆனாலும் பேசி முடிக்காத விஷயத்தை எழுத்தின் அளவில் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு பலர் எங்களிடம் வருகிறார்கள். “அவர் பேரைப் போடுங்க, ஆனா கொஞ்சம் சின்னதா.” இந்த வாக்கியத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சின்னதாகப் போட்டால் அது மரியாதையும் இல்லை, ஒதுக்கலும் இல்லை. அழைப்பிதழைக் கையில் வாங்குகிற ஒவ்வொருவரும் ‘ஏன் இது மட்டும் சின்னது’ என்று பேசத் தொடங்கும் இடம். போடுவதானால் சமமாகப் போடுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மொழியால் தீர்க்கக்கூடிய சில சிக்கல்கள் உண்டு. அவற்றில் கேட்டால் உதவுவேன். பிரிந்த பெற்றோரை ‘உம்’ போட்டு இணைக்காமல் தனித்தனி வரியில் வைக்கலாம். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. மறைந்த அப்பா பெயரை எப்படிப் போடுவது என்பது அடிக்கடி வரும் கேள்வி. அழைப்பவர் வரிசையில் வைத்தால், இல்லாதவர் வாருங்கள் என்று கூப்பிடுவதாக வாக்கியம் நின்றுவிடும். அந்தப் பெயரை மணமகள் பெயரோடு சேர்த்து, ‘இன்னாரின் மகள்’ என்ற இடத்தில் வையுங்கள். அழைப்பது அம்மாவாக இருக்கட்டும். மகள் என்கிற உறவுக்கு இறப்பு இல்லை, வாக்கியமும் தடுமாறாது. பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பேச்சு அமைதியாக முடிந்திருக்கிறது. ஆனால் பாருங்கள், வாசகம் முதலில் வந்தால்தான் இதை எடுத்துச் சொல்ல எனக்கு இடம் கிடைக்கும். எல்லாம் முடிந்து, அச்சுக்குப் போகும் முதல் நாள் இரவு “அப்பா பேரை எங்கயாவது சேர்த்துடுங்க” என்று செய்தி வந்தால், இருக்கிற சந்தில்தான் அந்தப் பெயரைச் செருக முடியும். அந்த மனிதருக்குச் சந்தில் இடம் கொடுப்பது உங்களுக்கே பிறகு உறுத்தும்.

வாசகம் கைக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை சரிபார்ப்பது. தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று நாள்காட்டியில் பார்ப்பேன். அழைப்பிதழில் அதிகம் நடக்கும் பிழை அதுதான். போன வருடத்து நாள்காட்டியை மனதில் வைத்துக் கிழமையை எழுதிவிடுவார்கள். ‘இரவு 12 மணி’ என்றால் எந்த நாளின் இரவு என்ற குழப்பம் வரும். ஐந்து நிமிடம் முன்னே பின்னே தள்ளி எழுதச் சொல்வேன். வெளியூரில் இருப்பவர்களுக்காக நேரலை இணைப்பு கொடுக்கிறீர்கள் என்றால் எந்த ஊர் நேரம் என்று எழுத வேண்டும். தமிழில் ஒரே மாதிரி எழுதப்படும் பெயரை ஆங்கிலத்தில் மணமகன் ஒரு விதமாகவும் அவருடைய அப்பா இன்னொரு விதமாகவும் எழுதுவார்கள். இரண்டும் ஒரே அட்டையில் வந்தால் பார்ப்பவர் பிழை என்றே நினைப்பார். எது வேண்டும் என்று அந்தப் பெயருக்கு உரியவர்தான் சொல்ல வேண்டும். கூகுளைக் கேட்டுப் பயனில்லை.

தயவுசெய்து வாசகத்தைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பழைய அழைப்பிதழைப் படம் எடுத்து, அதன் மேல் சிவப்பில் கிறுக்கி, “இதுல இருக்கறது மாதிரி, ஆனா பேர் மாத்தி” என்று அனுப்புவதில் எங்கே என்ன மாற்றம் என்று தேடுவதற்குள் பாதி நாள் போய்விடும். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்து அனுப்பினால் மிகவும் நல்லது. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனாலும் அதற்கு வெளியே வளர்ந்த பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்றும் வருகின்றன. அந்த எழுத்துரு என் கணினியில் இல்லையென்றால் உங்கள் மாமா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் நிற்கும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு. மாற்றும்போது எங்கோ ஒரு கொம்பு இடம் மாறி நின்றுவிடும். யூனிகோடில் வந்தாலும் வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து விழும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நீங்கள் சரியான எழுத்தைக் கொடுத்தால் போதும்.

இப்போது புதிதாக ஒன்று. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் உருவாக்கிய அழைப்பிதழைக் கொண்டுவந்து “இதையே பிரிண்ட் போட்டுடுங்க” என்கிறார்கள். அதில் இருக்கும் தமிழ், தூரத்தில் பார்க்கத் தமிழாகவே இருக்கும். பக்கத்தில் போனால் பல நேரம் உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. அதை விடுங்கள், எழுத்தும் படமும் ஒன்றோடொன்று உருகிக் கிடக்கும் அந்தக் கோப்பில் பொன்னெழுத்தை மட்டும் தனியே பிரித்து டை, அதாவது எழுத்தைப் பொறித்த உலோக அச்சு, செய்ய முடியாது. 5 அங்குலத்துக்கு 7 அங்குல அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், குறைந்தது 1500-க்கு 2100 புள்ளிகள் வேண்டும். ஓரம் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் அதிகம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்த கோப்பில் இதெல்லாம் சுருங்கிப்போயிருக்கும். ரசனைக்கு எடுத்துக்காட்டாக அதைக் காட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்து அச்சு. கணினியில் ஒரு எழுத்தை மாற்ற ஒரு நொடிதான் ஆகிறது, அதற்கு ஏன் இவ்வளவு முகத்தைத் தூக்குகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பகுதி.

பொன் ஃபாயில் என்பது மையில்லை. உங்கள் பெயர்களை உலோகத்தில் பொறித்து ஒரு டை செய்கிறோம். குறைந்த எண்ணிக்கை என்றால் மெக்னீசியத்தில், நுணுக்கம் கூடுதல் என்றால் செம்பில், நிறைய அடிக்க வேண்டுமென்றாலோ எழுத்தை மேடாக எழுப்பும் எம்பாசிங் சேர்ந்து வந்தாலோ பித்தளையில். அந்த டையை 100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, தாளுக்கும் டைக்கும் நடுவே ஃபாயில் சுருளை ஓடவிட்டு அழுத்தினால், சூடு பட்ட இடத்தில் மட்டும் உலோகப் படலம் பிரிந்து தாளில் ஒட்டிக்கொள்ளும். உலோகத்தில் ஏறிவிட்ட எழுத்தை மாற்ற முடியாது. ஒற்றை மெய்ப்புள்ளி விட்டுப்போனாலும் புது டைதான்.

ஆஃப்செட் என்னும் வழக்கமான மை அச்சில் டைக்குப் பதில் பிளேட், அதாவது எழுத்தும் படமும் ஏற்றிய அச்சுத் தகடு. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒரு பிளேட். வாசகத்தை முழுக்கக் கறுப்பிலேயே வைத்திருந்தால் கடைசி நேரத்தில் ஒரு பிளேட்டை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். “கறுப்பு வேணாம், அந்த அழுக்கு ரோஸ்ல எழுத்து வரணும்” என்று கேட்டு வாங்கியிருந்தால் அந்த எழுத்து மூன்று நான்கு பிளேட்டில் பரவியிருக்கும். மாற்றமும் அத்தனைக்கும் சேர்த்துத்தான். போதாக்குறைக்குச் சின்ன எழுத்தைப் பல நிறத்தில் பிரித்து அடிக்கும்போது ஒரு நிறம் இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் ஓரம் மங்கும். இதனால்தான் முகவரியையும் நேரத்தையும் ஒரே மையில் வைக்கச் சொல்லி நான் அடம் பிடிப்பது. டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டம் தொடங்கும்வரை மாற்றலாம். வாசகம் கடைசிவரை உறுதியாகாது என்று உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஃபாயில் ஆசையை விட்டுவிட்டு டிஜிட்டலில் நல்ல தாளாகப் பார்த்துச் செய்துவிடலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

மை பூசிய மேட்டெழுத்தைத் தாளில் அழுத்தி அச்சிடும் லெட்டர்பிரஸ் கேட்டு வருகிறவர்களுக்கு: தாளில் விரலை ஓட்டினால் எழுத்து குழிந்து தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். அந்தக் காலத்து அச்சுக்காரர்கள் அந்தக் குழியைப் பிழை என்றே நினைத்தார்கள். மை தாளைத் தொட்டு விலகினால் போதும், பின்பக்கம் தடம் தெரியக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கு அந்தப் பிழைக்குத்தான் மவுசு. எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் குழி ஆழமாக விழ வேண்டுமென்றால் தடித்த, மென்மையான பருத்தித் தாள் வேண்டும். ஆழமாக விழுந்தால் பின்பக்கத்தில் மேடு தெரியும், அங்கே எதையும் அச்சிட முடியாது. ஆகவே வாசகம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அடங்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்? வாசகம் இன்னும் வரவில்லையே.

கருநீலத் தாளில் எழுத வேண்டும் என்பதும் அப்படித்தான். அச்சு மைகள் பெரும்பாலும் ஒளி புகும் மைகள். இருண்ட தாளில் மஞ்சளை அடித்தால் மஞ்சள் தெரியாது. வெள்ளை மை வேண்டும், அல்லது ஃபாயில் வேண்டும். நான்கு வரி வாசகம் என்றால் அற்புதமாக இருக்கும். இரண்டு நிகழ்ச்சி, மூன்று இடம், இரண்டு வீட்டு முகவரி, வாகனம் நிறுத்துமிடம் என்று நீங்கள் அனுப்பப்போகும் வாசகம் நீண்டால் அதே தாளில் அது கண்ணைப் பறிக்கும் கூட்டம். ஒளி ஊடுருவும் மெல்லிய தாளும் பலருக்கு ஆசை. அதில் மை காய நேரம் எடுக்கும், ஈரக்காற்றில் ஓரம் சுருளும். அதைப் பெயருக்கு மட்டும் மேலட்டையாக வைக்கலாம், முழு வாசகத்துக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அட்டையின் அளவும் வாசகத்தைப் பொறுத்தது, அளவை வைத்துத்தான் உறை. ஜெர்மனியில் 1922-இல் தரப்படுத்தி, 1975-இல் ஐஎஸ்ஓ 216 என்று உலகத்துக்குப் பொதுவாக்கிய ஏ வரிசை அளவுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக சி வரிசை உறை இருக்கிறது. 105-க்கு 148 மில்லிமீட்டர் ஏ6 அட்டை, 114-க்கு 162 சி6 உறைக்குள் அலுங்காமல் போகும். வாசகம் பிதுங்குகிறதே என்று கடைசியில் அட்டையை அரை அங்குலம் நீட்டினால் கடையில் இருக்கும் எந்த உறையும் பொருந்தாது. உறையைத் தனியே வெட்டி ஒட்ட வேண்டும். மடிக்கும் அட்டை என்றால் 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேல் கிரீசிங், அதாவது மடிப்புத் தடம், போடாமல் மடிக்கவே கூடாது; தாளின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்தால் அச்சிட்ட நிறம் மடிப்பில் வெடித்து வெள்ளையாகத் தெரியும். எந்தப் பக்கம் மடிப்பு என்று தெரிந்தால்தான் எந்தத் திசையில் தாளை வெட்டி வாங்குவது என்று முடிவு செய்ய முடியும்.

என் நாள் எப்படிப் போகிறது என்று சிலர் கேட்பதுண்டு. நாள் முழுக்கப் பூ வரைந்துகொண்டிருப்பேன் என்பது அவர்கள் கற்பனை. காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்போது தாளையும் நிறத்தையும் பார்ப்பேன். திரையில் ஒளிரும் நிறம் ஒளியால் ஆனது, தாளில் இருப்பது மை. இரண்டும் ஒருநாளும் ஒன்றாகாது. விளக்கு மாறினால் தாளில் இருக்கும் அதே நிறமும் வேறாகத் தெரியும். இதற்காகவே அச்சுத் தொழிலில் பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதை நெறியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் கைப்பேசியில் இரவு ஒளியமைப்பு போட்டுக்கொண்டு படுக்கையில் பார்த்துவிட்டு “நிறம் மங்கலா இருக்கே” என்று சொன்னால் நான் என்ன செய்ய? மாதிரி அட்டையைப் பகலில், ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அதன் பிறகு அச்சகத்துக்குப் போவேன். ஓட்டத்தின் முதல் தாள்கள் வெளிவரும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதை நான் யாரிடமும் விடுவதில்லை. மதியத்துக்கு மேல் உறைப் பெயர்கள். மாலையில்தான் உங்கள் குரல் பதிவுகள் வரத் தொடங்கும்.

குரல் பதிவுகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. உங்களிடமிருந்து ஒன்று, உங்கள் அம்மாவிடமிருந்து ஒன்று, எண்ணைச் சேமித்தே வைத்திராத யாரோ ஒருவரிடமிருந்து “தம்பி, நான் பொண்ணோட பெரியப்பா பேசறேன்” என்று ஒன்று. அம்மா நேரத்தை மாற்றச் சொல்வார். பெரியப்பா பழையபடி வைக்கச் சொல்வார். மணமகள் இரண்டையும் கேட்காமல் எழுத்துருவை மாற்றச் சொல்வார். மூவரும் ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது இதில் வேடிக்கை. யார் சொல்வதைக் கேட்டாலும் மற்றவர் மனம் நோகும்; யாருக்கும் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு உங்கள் குடும்பத்தை எனக்குத் தெரியாது. அதனால்தான் ஒருவர் என்கிறேன். அவர் மணமகளாக இருக்கலாம், தாய்மாமனாக இருக்கலாம், பொறுமையான ஒரு தோழியாக இருக்கலாம். மற்ற எல்லோரும் அவரிடம் சண்டை போடட்டும். அவர் எனக்கு எழுத்தில் அனுப்புவது மட்டும்தான் மாற்றம். குரலில் வந்த எழுத்துத் திருத்தத்தில் ‘ல’வா ‘ள’வா, ‘ர’வா ‘ற’வா என்று யார் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது?

ஒரு வீட்டில் பிழை திருத்தும் படி நான்கு பேர் கைக்குப் போனது. நான்கு பேரும் தங்கள் தங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பினார்கள். விழா நடக்கும் இடத்தின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. தட்டச்சு செய்து அனுப்பிய மூலத்திலேயே அது இல்லை. அச்சகத்தில் தாளை அடுக்கிக் கொடுக்கும் பையன்தான் “இந்த இடம் எங்க இருக்கு, நான் கேள்விப்பட்டதே இல்லையே” என்று கேட்டு நிறுத்தினான். பொறுப்பு ஒருவருடையது என்றால் அவர் முழுவதும் படிப்பார். நால்வருடையது என்றால் யாரும் படிக்கமாட்டார்கள்.

கியூஆர் கோடும் வாசகத்தில் சேர்த்திதான், அதையும் முதலிலேயே கொடுங்கள். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல் கார் பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது இன்று கல்யாண அழைப்பிதழில் வழி காட்டுகிறது. நல்ல விஷயம், நீண்ட முகவரியைச் சுருக்கிவிடலாம். ஆனால் அதைப் பொன் ஃபாயிலில் கேட்காதீர்கள். மினுக்கும் பரப்பில் வெளிச்சம் தெறித்தால் கேமராவுக்குக் கறுப்பும் வெள்ளையும் பிரித்துத் தெரியாது. வெளிர் தாளில் கருமையாக, சுற்றிலும் நான்கு கட்ட அளவுக்கு வெறுமையான இடம் விட்டு வைக்க வேண்டும். அந்த இடத்தில் பூ நுழையக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சில இணையச் சேவைகள் தரும் கியூஆர், அவர்கள் தளத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். சந்தா முடிந்தால் வழியும் அடைபடும். வரைபட இணைப்பை நேரடியாகவே கொடுத்து உருவாக்கினால் அந்தப் பயம் இல்லை. இணைப்பு நீளமாக இருந்தால் கட்டங்கள் நெருக்கமாகும், அச்சில் அளவும் கூட்ட வேண்டும். மறுபடியும் இடம், மறுபடியும் அளவு.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. விருந்தினர் தலையை எண்ணி அட்டை சொல்லாதீர்கள், வீட்டை எண்ணுங்கள். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். “மறந்துட்டோம், இன்னும் முப்பது மட்டும் அடிங்க” என்று பிறகு வந்தால் இயந்திரத்தைத் தயார் செய்யும் வேலை அந்த முப்பதுக்கும் முன்னூறுக்கும் ஒன்றுதான். செலவும் கிட்டத்தட்ட அப்படியே வரும். உறையில் அச்சிட வேண்டிய பெயர்ப் பட்டியலை எக்செல் கோப்பில், ஒரு வரிக்கு ஒரு வீடு என்று கொடுங்கள். திரு, திருமதி, முனைவர், குடும்பத்தார் என்பதையெல்லாம் எல்லா வரியிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒருவருக்குத் திரு போட்டு, அவருக்கு அடுத்த வீட்டுக்காரருக்கு வெறும் பெயர் போட்டால் அவர்கள் இருவரும் ஒருநாள் உறைகளை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் போகிறார்கள்.

இலவசமாக இரண்டு மூன்று மாதிரி செய்து காட்டுங்கள், பிடித்தால் சொல்கிறோம் என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதே வாசகத்தில்தான் இருக்கிறது. உங்கள் பெயரும் வாசகமும் இல்லாமல் செய்யும் மாதிரி யாருக்கோ செய்த மாதிரி. அப்படிப்பட்டவை நிறையவே என்னிடம் இருக்கின்றன, வந்து தொட்டுப் பாருங்கள். உங்கள் வாசகத்தை வைத்துச் செய்வது மாதிரியே இல்லை, அதுதான் வேலை. அதற்குக் கூலி உண்டு.

ஆகவே வரும்போது கொண்டுவர வேண்டியவை: யூனிகோடில் தட்டச்சு செய்த முழு வாசகம், எந்தெந்த மொழியில் வேண்டும் என்ற முடிவு, பெயருக்கு உரியவர்களே பார்த்துச் சொன்ன எழுத்துக்கூட்டல், வரைபட இணைப்பு, வீடுகளின் எண்ணிக்கை, அழைப்பிதழ் விருந்தினர் கைக்குப் போய்ச் சேர வேண்டிய நாள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் டை, தாள், அச்சு, மை காய்வது, மடிப்பு எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்குவேன். பிழை திருத்திய கடைசிப் படியில் ‘அச்சிடலாம்’ என்று எழுதித் தேதியுடன் கையெழுத்துப் போடப்போகும் அந்த ஒருவரின் பெயரையும் எண்ணையும் வாசகத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். அவரை முதல் சந்திப்புக்கே அழைத்து வந்தால் இன்னும் நல்லது. நிறத்தையும் பூவையும் அன்றைக்கே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
ஓர் அழைப்பிதழ் வடிவமைப்பாளர்